ரயில் மேட்டில் பதினோரு நாள்

பாரிமுனையில் நான் ஏறிய பஸ்ஸை ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டார்கள். சாலையில் தடுப்பு. ஒரு போலீஸ்காரர் ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்தப் பக்கம் எப்போதும் இப்படித்தான் என்று பக்கத்து சீட்டுக்காரர் முணுமுணுத்தார்.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"மலேசியாவிலேருந்து ஐயா."

நான் பேசும் தமிழ் அவர் காதுக்கு வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும். "மலேசியாவா, சிலோனா?" என்றார். பையைத் திறக்கச் சொன்னார். மடித்த வேட்டிக்கு மேலே நீள அளவு நாடா, திசைகாட்டி, கையால் வரைந்த ஒரு வரைபடம். அவர் முகம் மாறியது. பஸ் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டது.

புளியமரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜீப்பில் ஒரு அதிகாரி வந்து பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினார். எதற்கு வந்தீர்கள் என்றார். ரயில் பாதை ஒன்றைத் தேடி வந்தேன் என்றேன்.

"இங்க ஏதுங்க ரயிலு?"

"இப்ப இல்ல. போன நூற்றாண்டில் ஓடுச்சு."

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு டீ வாங்கிக் கொடுத்து, பெங்களூர்ப் பக்கம் போன ஒரு லாரியை நிறுத்தி ஏற்றிவிட்டார். டீ எங்கள் ஊர் டீயைவிடப் பாதி அளவு, இரண்டு மடங்கு சர்க்கரை. ஆனால் அதைப்போல நன்றாக இருந்த டீயை நான் குடித்ததில்லை.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துத் தைப்பிங்காரன். முப்பத்து நான்கு வருஷம் ரயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரின் பழைய ரயில்வே ஆபீசைக் காலி செய்தபோது கொளுத்துவதற்காகக் குவித்திருந்த காகிதங்களிலிருந்து ஓர் அறிக்கையை எடுத்து வந்தேன். செங்கல்பட்டு ஜில்லாவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி போட்ட குட்டி ரயில் பற்றி அதன் இன்ஜினியர் எழுதியது. வல்லக்கோட்டைக்கு அந்தப் பக்கத்துக் கருங்கல் குன்றில் தொடங்கி, ஒரகடம் ஏரிகளுக்கு நடுவே கரை எழுப்பி, வாலாஜாபாத் பக்கம் பெரிய லைனோடு சேர்ந்த பாதை. கல்லும் விறகும் ஏற்றினார்கள். பஞ்ச காலத்தில் வந்த கூலிகளை வைத்து மண் கொட்டினார்கள். இரண்டே இரண்டு இன்ஜின். பத்து வருஷம்கூட ஓடவில்லை. கல் தீர்ந்தது, கம்பெனி மூடியது, தண்டவாளத்தைப் பெயர்த்து விற்றார்கள். இன்ஜினியர் வேலை தேடி எங்கள் பேராக்குக்குக் கப்பல் ஏறினார். கூடவே சில கூலிகளையும் கூட்டி வந்தார் என்று அறிக்கையின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. என் அப்பாவின் பாட்டன் அவர்களில் ஒருவராக இருக்கலாம். நிச்சயமில்லை. ஆனால் மனைவி இறந்து, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கும் ஒருவனுக்கு, நிச்சயமில்லாத ஒன்று போதும், டிக்கெட் எடுக்க.

மறுநாள் காலை, ஸ்ரீபெரும்புதூரில் நான் தங்கிய லாட்ஜுக்கு எதிரே இட்லி சாப்பிட்டுவிட்டு, சிங்கப்பெருமாள்கோயில் போகிற பஸ்ஸில் ஏறினேன். எங்கள் ஊரில் காலை ஆறு மணிக்கே ரொட்டி சானாய்க்குப் பரோட்டா மாவு தட்டுகிற சத்தம் கேட்கும். இங்கே பஸ் ஹாரன்தான் காலை. வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வழியில் டயர் பஞ்சர். கண்டக்டர் எல்லாரையும் இறக்கி, "மழ வர்றதுக்குள்ள மாட்டிடலாம், கொஞ்சம் கை குடுங்கப்பா" என்றார். கைகொடுத்தோம். அதற்குள் மழையும் வந்தது.

ஒரகடத்தில் இறங்கி, தொப்பலாக நனைந்தபடி ஏரிக்கரையோரம் நடந்தேன். ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். தொழில் பழக்கம். வயலுக்கு நடுவே, வேலிகாத்தான் முள் மூடிய நீண்ட மேடு. மாட்டு வண்டிப் பாதை அப்படி வளையாது, ஏரிக்கரையும் அப்படி வளையாது. ரயிலுக்காகப் போட்ட வளைவுதான் அவ்வளவு மெதுவாகத் திரும்பும். சரிவில் மண்ணைக் கிளறினேன். உடைத்த கருங்கல் ஜல்லி, ஒரே அளவில். மழையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தக் கற்களைக் கையில் அள்ளிக்கொண்டு, ஐம்பத்தேழு வயதில் நான் அழுதேன்.

"இன்னாண்ணா தேடிகினு கீற? எதுனா வுயுந்துச்சா?"

மேலே ஒரு பெண் நின்றிருந்தார். தலையில் உரச் சாக்கை முக்காடாகப் போட்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் தனபாக்கியம். அந்த மேட்டின் மீதுதான் அவர் வீடு. வீடுகள் முப்பது இருந்தன, வரிசையாக, ரயில் பெட்டிகளை நிறுத்தி வைத்த மாதிரி. ஒரு கோடியில் கூரை வேய்ந்த சின்ன மாதா கோயில், மறு கோடியில் மஞ்சள் பூசிய அம்மன் கல். சுற்றிலும் தண்ணீர் நின்றது. மேட்டில் மட்டும் தேங்கவில்லை.

"இதுக்கு இன்னா பேருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று அவரே கேட்டார். "ரயிலு மேடு. ரயில யாரும் பாத்ததில்ல. எங்க அப்பாவும் பாத்ததில்ல. ஆனா பேரு மட்டும் கீது."

கம்பெனி மூடியபோது கூலிகளில் பாதிப் பேருக்குத் திரும்பிப்போக ஊர் இல்லை. பஞ்சம் எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது. சுற்றியிருந்த ஊர்களில் அவர்களுக்கு இடம் கொடுப்பார் இல்லை. தாங்கள் கொட்டிய மண்ணின் மேலேயே தங்கிவிட்டார்கள். தனபாக்கியம் இதைச் சொன்னபோது என் பையிலிருந்த அறிக்கை கனத்தது. "இது இதில் இருக்கு" என்று அவசரமாக எடுத்து, நனையாமல் அவர் வீட்டுக்குள் போய் விரித்தேன். கூலிகள் கரை மேலேயே குடிசை போட்டுக்கொண்டதாகவும், அவர்களை அகற்ற வேண்டியதில்லை என்றும் இன்ஜினியர் எழுதிய பக்கத்தைத் தமிழில் சொன்னேன்.

அவர் அசையாமல் கேட்டார். பிறகு வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார். "டேய் மரியதாசு! எந்திரிச்சு வாடா! நம்ம மேடு பேப்பர்ல கீதுடா!"

மரியதாஸ் அவருடைய தம்பி. பென்னலூர்ப் பக்கம் ஒரு சின்ன தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தார். விஷயத்தை அவர்தான் விளக்கினார். மேட்டுக்கு யாரிடமும் பட்டா இல்லை. தாலுகா கணக்கில் சொந்தக்காரர் பெயர் எழுதும் இடம் காலி. சர்க்கார் நிலம் என்று முடிவானால் குடியிருப்பவர்களுக்குப் பட்டா கிடைக்கும். ஆனால் சுற்றியுள்ள வயல்களின் சொந்தக்காரர், மேடும் தங்கள் முன்னோர் நிலம்தான் என்று மனுப் போட்டிருக்கிறார். யாரோ பெரிய கம்பெனிக்காக மொத்தமாக விலை பேசுகிறார்களாம். வரும் வியாழக்கிழமை தாலுகா ஆபீசில் விசாரணை.

"அவரு கிட்டயும் பேப்பர் இல்ல சார், எங்க கிட்டயும் இல்ல" என்றார் மரியதாஸ். "ரெண்டு வருசமா இழுத்துகினு கீது. இப்போ நீங்க வந்துட்டீங்க."

இப்போ நீங்க வந்துட்டீங்க. என்னை யாரும் அப்படி வரவேற்று எத்தனையோ வருஷமாகிவிட்டது.

அன்று கருவாட்டுக் குழம்பும் சுடுசோறும் போட்டார்கள். எங்கள் ஊரில் கருவாட்டை மொறுமொறுவென்று பொரித்துத் தொட்டுக்கொள்வோம். இங்கே கத்தரிக்காயோடு கொதித்து உருகிவிடுகிறது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த நாளிலிருந்து லாட்ஜில் தூங்கினேனே தவிர, பகல் எல்லாம் மேட்டில்தான்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தனபாக்கியம் வீட்டு வாசலில் உட்கார்ந்து அறிக்கையின் முக்கியமான பகுதிகளைத் தமிழில் எழுதினேன். மேட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எழுதிய வரையில் படித்துக் காட்டச் சொன்னார்கள். இன்ஜின் ஏரிக்குள் கவிழ்ந்ததையும், அதை மாடு கட்டி இழுத்ததையும் படித்தபோது கைதட்டினார்கள். கரை சரிந்து பதினொரு பேர் மண்ணுக்குள் போனதைப் படித்தபோது தனபாக்கியம் எழுந்து போய் அம்மன் கல்லுக்கும் மாதாவுக்கும் ஒவ்வொரு விளக்கு வைத்துவிட்டு வந்தார்.

"பட்டா வந்தா மொதல்ல இன்னா பண்ணுவீங்க?" என்று மரியதாஸிடம் அவருடைய பேச்சிலேயே கேட்டேன். சிரித்தார்.

"கரண்ட்டு சார். பட்டா இல்லாம மீட்டர் குடுக்க மாட்றான். ஷாப்புல நாளெல்லாம் மெஷின் ஓட்டிட்டு, வூட்டுக்கு வந்தா சிமிளி வெளக்கு. பொண்ணு அதுலதான் படிக்குது. ஒரு ஃபேன் போட்டுத் தூங்கணும், அவ்ளோதான்."

புதன்கிழமை எழுத்து வேலை முடிந்துவிட்டது. அறிக்கையின் கடைசியில் இணைப்புகள் சில பக்கங்கள் இருந்தன. பட்டியல்கள், பொடி எழுத்து. தைப்பிங்கிலும் அவற்றை நான் படித்ததில்லை. ஒரு மத்தியானம் முழுக்க எனக்கு இருந்தது. நான் நாடாவை எடுத்துக்கொண்டு போய், சாயங்காலம் வரை மேட்டின் வளைவை அளந்தேன். இன்ஜினியர் எழுதிய கணக்கும் என் அளவும் ஒத்துப்போயின. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை மேட்டிலிருந்து நாற்பது பேர் கிளம்பினோம். பெண்கள் பூ வைத்திருந்தார்கள். மரியதாஸ் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பஸ்ஸில் இடமில்லாமல் பாதிப் பேர் படியில் தொங்கினார்கள்.

தாசில்தார் நல்ல மனிதர். என்னை உட்காரச் சொன்னார். நான் எழுதியதை நிதானமாகப் படித்தார். "ரொம்ப உபயோகமா இருக்கு. ஒரிஜினலையும் குடுங்க" என்றார். பெருமையோடு கொடுத்தேன். அவர் அதை எதிர்த்தரப்பு வக்கீலிடமும் பார்க்கக் கொடுத்தார். அது முறைதானாம். வக்கீல் சின்ன வயதுக்காரர். முன்பக்கங்களை அவர் தொடவே இல்லை. நேராகக் கடைசிக்குப் போனார்.

பொடி எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"சார், இந்த இணைப்பைப் பாருங்க" என்றார் வக்கீல். பிறகு ஆங்கிலத்தில் படித்து, அவரே தமிழிலும் சொன்னார். கம்பெனி அந்த நிலத்தை வாங்கவில்லை. பாதைக்காகக் குத்தகைக்கு எடுத்திருந்தது. லைன் மூடப்பட்டால் நிலம், அதைக் கொடுத்தவர்களுக்கே திரும்பிச் சேரும். கீழே கொடுத்தவர்கள் பட்டியல். ஒரகடம் பகுதிக்கு ஒரே பெயர்தான் இருந்தது. வயல்காரரின் பாட்டனாருக்கு அப்பா.

தாசில்தார் என்னைப் பார்த்தார். "இது உங்களுக்குத் தெரியாதா?" என்றார் மெதுவாக.

எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை. ஒரு குழந்தை பிஸ்கட் கேட்டு அழுதது. மரியதாஸ் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டு, சுவரில் சாய்ந்தார்.

அதோடும் முடியவில்லை. மேட்டுக்காரர்களின் அப்பன்மார் எப்போதோ வைத்த கைநாட்டுக் காகிதங்கள் வக்கீலிடம் இருந்தன. உங்கள் அனுமதியோடு குடியிருக்கிறோம் என்று வயல்காரர் வீட்டில் எழுதி வாங்கியது. நிலம் யாருடையது என்று தெரியாதவரை அவை வெறும் காகிதம். இப்போது அவை, இத்தனை வருஷம் குடியிருந்ததால் மேடு எங்களுடையது என்று சொல்லும் வழியையும் அடைத்துவிட்டன. என் அறிக்கையின் நகலுக்கு முத்திரை குத்தி இரு தரப்புக்கும் கொடுத்தார்கள்.

வராந்தாவில் அந்த வக்கீல் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே நன்றி சொன்னார். "ரொம்ப தேங்க்ஸ் சார். ரெண்டு வருஷமா இதைத்தான் தேடிட்டு இருந்தோம். மெட்ராஸ், லண்டன் எல்லாம் எழுதிப் பாத்தாச்சு." கையை உருவிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அதைத் தனபாக்கியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு கிழவர் எழுந்து எனக்கு சீட் கொடுத்தார். ஒரகடத்தில் இறங்கி நடக்கும்போது தனபாக்கியம் என் பக்கத்தில் வந்தார்.

"அந்தக் கட்சிப் பக்கத்த நீங்க படிக்கலியாண்ணா?"

கடைசியைத்தான் அவர் அப்படிச் சொன்னார். "படிக்கலம்மா" என்றேன்.

"எங்களுக்குப் படிக்கத் தெரியாது. அதனால படிக்கல." அவர் குரலில் கோபமில்லை. "உங்களுக்குத் தெரியும்ல?"

அன்றும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போனேன்.

மறுநாள் மெட்ராஸ் போய், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு வக்கீலைப் பிடித்தேன். அவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கேஸ் போடலாம், ஆனால் கைநாட்டு இருக்கிறதே என்றார். வருஷக்கணக்காக இழுக்கும் என்றார். "இவங்ககிட்ட வீட்டு வரி ரசீது இருக்கா?" வரி கட்டப் போனபோதெல்லாம், பட்டா இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதைச் சொன்னேன். கடைசியில் அவர் கேட்டது இதுதான்: "இந்த ரிப்போர்ட்டை யார் சார் கொண்டுபோய்க் குடுத்தது?" நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "யாரோ வெளிநாட்டுக்காரர்" என்றேன்.

என் விமானத்துக்கு முந்தின நாள், பதினோராவது நாள், மேட்டுக்குப் போனேன். இரண்டு நாளாக விடாத மழை. ஏரி நிரம்பி, வயலும் சாலையும் ஒன்றாகிவிட்டிருந்தன. முழங்கால் தண்ணீரில் நடந்துதான் ஏற முடிந்தது. வயல்காரரின் ஆட்கள் அதற்கு முன்பே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். தை பிறப்பதற்குள் காலி செய்தால் வீட்டுக்கு ஏதோ கொடுப்பார்களாம். இல்லாவிட்டால் அதுவும் கிடையாதாம். நான்கு குடும்பங்கள் ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டன. மற்றவர்கள் அவர்களோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். அம்மன் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு முருங்கை மரம் யாருடையது என்று. எப்படியும் இரண்டு பேருக்கும் இல்லை.

மரியதாஸ் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பேண்ட்டைச் சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்திருந்தார். பென்னலூரில் ஒரு ரூம் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

"கரண்ட் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று தெரிந்தது.

"கீது சார்" என்றார் அவர் கீழே பார்த்தபடி. "அக்காதான் வரமாட்டேங்குது."

தனபாக்கியம் கூரையில் ஒழுகும் இடத்துக்குப் பனையோலை செருகிக்கொண்டிருந்தார். இறங்கி வரவில்லை. கீழே நின்றபடியே பேசினேன். என்னிடம் இருந்த பணத்தை ஓர் உறையில் போட்டு நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"ஒரு ஓலை எடுத்துக் குடுண்ணா" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். இன்னொன்று கேட்டார். அதையும் கொடுத்தேன். இருட்டுவதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவரே சொல்லும் வரை ஓலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உறையைத் திருப்பி எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.

தைப்பிங்கில் யாரும் பயணத்தைப் பற்றி அதிகம் விசாரிக்கவில்லை. பெரிய மகன் மட்டும் போனில், "ரயில் கிடைச்சுதாப்பா?" என்றான். கிடைத்தது என்றேன்.

சித்திரை பிறந்த சமயத்தில் மரியதாஸிடமிருந்து கடிதம் வந்தது. மகள் எழுதியது போலிருக்கிறது, கையெழுத்து உருண்டையாக அழகாக இருந்தது. எல்லாரும் மேட்டைக் காலி செய்துவிட்டார்களாம். தனபாக்கியம்தான் கடைசி. மாதாவைப் பென்னலூருக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். அம்மன் கல்லை அசைக்க முடியவில்லையாம். புதுத் தொழிற்சாலை கட்டும் பள்ளத்தை நிரப்ப மண் போதவில்லை என்று, மேட்டையே வெட்டி லாரியில் ஏற்றுகிறார்களாம். ஒரகடம் பக்கம் பாதித் தூரம் போய்விட்டது, மழைக்குள் மீதியும் போய்விடும் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, அவர் பேசியதை அந்தப் பெண் அப்படியே எழுதியிருந்தாள்:

"அக்கா நல்லா கீது சார். வேற வேல கெடைக்கல, அங்கியே மண்ணு வேலைக்குப் போவுது. கூடையில வாரி லாரிக்குத் தூக்குது. ஏங்கா அங்க போறன்னு கேட்டா, எங்க பாட்டன் ஏத்துன மண்ணுதானடா, எனக்கு ஒண்ணும் கனக்கலன்னு சொல்லுது. உங்கள விசாரிச்சதா எழுதச் சொல்லுச்சு."

அந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.